கேட்டு வாங்கும் மின்சாரம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? வழியில் வரும் ஊர் ரெட்டியார்சத்திரம். பெயரில் சத்திரம் இருந்தாலும் இன்று அந்த வட்டாரத்தின் அடையாளம் தோட்டங்கள்தாம். தக்காளி, கத்தரி, முருங்கை என்று பயிர்கள் மாறும். ஆனால் ஒரு காட்சி மட்டும் மாறாது. கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் அறை, அங்கிருந்து கம்பம் கம்பமாகச் செல்லும் மின்கம்பி, சற்றுத் தொலைவில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு மின்மாற்றி. ஊரார் அதை 'டிரான்ஸ்பார்மர்' என்பார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகள் பலவும் அந்த ஒரு மின்மாற்றியைத்தான் நம்பியிருக்கின்றன.

கிணற்றுக்கு மின் இணைப்புக் கேட்கும் விவசாயி விண்ணப்பத்தில் முக்கியமாக எதை எழுதுகிறார்? தம் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்பதை எழுதுகிறார். 3, 5, 7½ என்பன நாம் வழக்கமாகக் கேள்விப்படும் எண்கள். மின்வாரியம் அந்த எண்களைக் கூட்டிப் பார்க்கிறது. மின்மாற்றி தாங்கும் என்றால் இணைப்பு கிடைக்கிறது. தமிழ்நாட்டில் வேளாண்மைக்கு மின்சாரம் இலவசம். பழைய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரும் கிடையாது. ஆகவே யார் எவ்வளவு எடுக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் அளந்து பார்ப்பவர் எவருமில்லை. எழுதிக் கொடுத்த எண்தான் கணக்கு.

5 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 10 குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் என்ன ஆகும்? ஒருவர் செய்தால் மின்மாற்றி பொறுத்துக்கொள்ளும். நாலு பேர் செய்தால் மின்னழுத்தம் விழுந்துவிடும். அழுத்தம் விழுந்தால் மோட்டார் சும்மா இருக்குமா? தன் வேலையைச் செய்து முடிக்க அது மேலும் கூடுதலாக மின்னோட்டத்தை இழுக்கும். சுருள் சூடேறும். உண்மையை எழுதிக் கொடுத்தவர் வீட்டு மோட்டாரும் சேர்ந்து கருகும்.

இப்பொழுது உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறைக்கு வாருங்கள். கணிப்பொறியின் பக்கவாட்டில் சிறிய செவ்வக வடிவில் ஒரு வாய் இருக்கிறதல்லவா? பென்டிரைவ், மவுஸ், கைப்பேசி என்று எல்லாவற்றையும் அதில்தான் செருகுகிறீர்கள். அதுதான் யு.எஸ்.பி. போர்ட். அந்தச் சின்ன வாயின் உள்ளேயும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே மின்மாற்றி உண்டு, விண்ணப்பம் உண்டு, எழுதிக் கொடுக்கும் எண்ணும் உண்டு. மீட்டர்தான் இல்லை!

நான்கு கம்பிகள்

1994-ஆம் ஆண்டில் ஏழு நிறுவனங்கள் ஒன்று கூடின. காம்பேக், டிஜிட்டல் எக்யுப்மென்ட், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்த்தர்ன் டெலிகாம் என்பன அவை. அக்காலத்தில் கணிப்பொறியின் முதுகைப் பார்த்தால் தலை சுற்றும். விசைப்பலகைக்கு ஒரு வாய், அச்சுப்பொறிக்கு வேறொரு வாய், மோடத்துக்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே வாயை உருவாக்குவதுதான் நோக்கம். இப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா சென்று, இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் என்பவர் அவர். 1996 ஜனவரியில் முதல் யு.எஸ்.பி. விதிகள் வெளிவந்தன.

பழைய யு.எஸ்.பி. கேபிளை அறுத்துப் பார்த்தால் நான்கு கம்பிகள் தெரியும். பச்சையும் வெள்ளையும் செய்தி கொண்டு செல்பவை. சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொண்டு செல்பவை. சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும்.

செய்திக் கம்பியோடு மின்சாரத்தையும் சேர்த்து அனுப்பும் எண்ணம் புதிதன்று. உங்கள் தாத்தா வீட்டில் கம்பி வழித் தொலைபேசி இருந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். ஊரே இருட்டில் மூழ்கினாலும் அது மணியடிக்கும். தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கலங்கள் அதே கம்பியின் வழியே 48 வோல்ட் மின்சாரத்தை அனுப்பியதே காரணம். இந்த 48 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

யு.எஸ்.பி. முறையில் கணிப்பொறிக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர். விருந்து கொடுப்பவர் என்பது அதன் பொருள். செருகப்படும் கருவிதான் விருந்தாளி. விருந்து கொடுப்பவரின் அடுப்படி எவ்வளவு பெரியது? யு.எஸ்.பி. 2 விதிகளின்படி ஒரு போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும். 5 வோல்ட்டை 0.5 ஆம்பியரால் பெருக்கினால் 2.5 வாட். கிணற்றிலுள்ள 5 குதிரைத்திறன் மோட்டாரின் திறன் 3,730 வாட். அந்த ஒரு மோட்டாருக்கு ஏறத்தாழ 1,500 போர்ட்டுகள் சேர்ந்தால்தான் ஈடாகும்! அளவு சிறியதுதான். ஆனால் சிறிய அடுப்படியில்தான் கணக்கு பார்த்துப் பரிமாற வேண்டியிருக்கிறது.

வந்தவுடன் அரை வாட்

பென்டிரைவைச் செருகியதும் என்ன நடக்கிறது? அது திரையில் தோன்றுவதற்கு முன் உள்ள அந்த ஒரு நொடிக்குள் ஒரு நீண்ட உரையாடலே நடந்து முடிந்துவிடுகிறது.

முதலில், தான் வந்திருப்பதைக் கருவி அறிவிக்க வேண்டும். கருவிக்குள் 1.5 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. அது இரண்டு செய்திக் கம்பிகளுள் ஒன்றை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. கம்பியில் அழுத்தம் உயர்ந்ததைக் கண்டு, வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று ஹோஸ்ட் அறிகிறது. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதிலேயே வேகமான கருவியா, மெதுவான கருவியா என்ற செய்தியும் அடங்கியிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் கருவி எடுத்துக்கொள்ளக்கூடிய மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் மட்டுமே. அதாவது அரை வாட். வந்த விருந்தாளிக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுப்பதில்லையா, அதுபோல. அந்த அரை வாட்டை வைத்துக்கொண்டு கருவி கண் விழித்து, கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கருவிக்குள் மின்தேக்கிகள் இருக்கும். வெறுமையான மின்தேக்கியை இணைத்த கணத்தில் அது மின்சாரத்தை ஒரே மூச்சில் உறிஞ்சும். அந்தக் கண நேர இழுப்பில் பக்கத்துப் போர்ட்டிலுள்ள மவுஸ் மயங்கி விழக்கூடும். எனவே சிவப்புக் கம்பியோடு நேரடியாகச் சேரும் மின்தேக்கி 10 மைக்ரோ ஃபாரடுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள்.

பிறகு ஹோஸ்ட் கேட்கிறது: "நீ யார்? உன் பண்புகள் என்ன?" கருவி தன்னைப் பற்றிய குறிப்புகளை எண்களாக அனுப்புகிறது. அவற்றுள் ஒரு குறிப்பு 9 பைட் நீளமுள்ளது. அதன் ஒன்பதாவது பைட்தான் நம் கட்டுரையின் நாயகன். இந்தக் கருவிக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படும் என்பதை அந்த ஒற்றை பைட் சொல்கிறது. விவசாயி எழுதிக் கொடுத்த குதிரைத்திறன் எண் நினைவுக்கு வருகிறதா?

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். 500-ஐ எப்படி எழுதுவது? எளிய தந்திரம் ஒன்றைக் கையாண்டார்கள். ஒவ்வோர் எண்ணும் 2 மில்லி ஆம்பியரைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். 50 என்று எழுதினால் 100 மில்லி ஆம்பியர், 250 என்று எழுதினால் 500 மில்லி ஆம்பியர். 2008-இல் வந்த யு.எஸ்.பி. 3 விதிகளில் உச்சவரம்பு 900 மில்லி ஆம்பியராக உயர்ந்தது. அதிவேகத்தில் இயங்கும் கருவிகளுக்கு ஒவ்வோர் எண்ணும் 8 மில்லி ஆம்பியர் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஹோஸ்ட் அந்த எண்ணைப் படிக்கிறது. தன்னிடம் அவ்வளவு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் 'சரி, வேலையைத் தொடங்கு' என்று ஆணையிடுகிறது. அந்த ஆணை கிடைத்த பிறகுதான் கருவி 100-ஐத் தாண்டலாம். இல்லையென்றால் ஹோஸ்ட் ஆணையிடாது. கருவி அரை வாட்டோடு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பந்தியில் பங்கு

நான்கு வாய்களைக் கொண்ட 'ஹப்' என்னும் பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு போர்ட்டை நான்காகப் பெருக்கும் கருவி அது. வாய்கள் நான்காகின்றன, சரி. மின்சாரம் நான்காகுமா?

தனியாகச் சுவர் இணைப்பு இல்லாத ஹப்புக்குக் கிடைப்பது அதே 500 மில்லி ஆம்பியர்தான். தன் செலவுக்கு 100-ஐ ஒதுக்கிக்கொண்டால் மீதி 400. நான்கு வாய்களுக்குத் தலா 100. அதில் 200 என்று எழுதிக் கொடுக்கும் பென்டிரைவைச் செருகினால், விதியை மதிக்கும் கணிப்பொறி ஒப்புக்கொள்ளாது. 'போதிய மின்சாரம் இல்லை' என்ற அறிவிப்புத் திரையில் தோன்றும். பென்டிரைவ் கெட்டுப்போய்விட்டது என்று பலர் இந்த இடத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதை எடுத்துக் கணிப்பொறியின் சொந்தப் போர்ட்டில் செருகினால் அமைதியாக வேலை செய்யும்.

ஹோஸ்ட் தூங்கப் போனால் விருந்தாளியும் தூங்க வேண்டும். செய்திக் கம்பியில் 3 மில்லி நொடி நேரம் எந்தச் சலனமும் இல்லையென்றால் அதுவே 'தூங்கு' என்ற கட்டளை. அப்பொழுது கருவி எடுக்கலாகும் அளவு 2.5 மில்லி ஆம்பியர். 500 எடுத்த கருவி இருநூற்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட வேண்டும். மடிக்கணினியின் மின்கலம் இரவு முழுவதும் தாக்குப்பிடிப்பதில் இவ்விதிக்கும் பங்குண்டு.

சொல்லாமல் எடுப்பவர்கள்

இதுவரை படித்ததும் உங்களுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்க வேண்டும். கருவி 100 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 800 எடுத்தால் ஹோஸ்ட் எப்படிக் கண்டுபிடிக்கும்?

பெரும்பாலான கணிப்பொறிகள் கண்டுபிடிப்பதில்லை! ஏமாற்றுவதற்குக்கூட அவசியமில்லை. கடைத்தெருவில் விற்கும் யு.எஸ்.பி. விசிறியையும் யு.எஸ்.பி. விளக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் பலவற்றில் பச்சை, வெள்ளைக் கம்பிகளே இணைக்கப்பட்டிருக்காது. சிவப்பும் கறுப்பும் மட்டும்தான். அவை எதையும் எழுதிக் கொடுப்பதில்லை, எவரையும் கேட்பதுமில்லை. அழைப்பிதழ் இல்லாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் ஆள் மாதிரி. கணிப்பொறிக்கு அப்படி ஒருவர் வந்ததே தெரியாது.

அப்படியானால் பாதுகாப்பு? கடைசி வாசலில் ஒரு காவலர் நிற்கிறார். பல கணிப்பொறிகளில் அது தானே மீளும் ஃபியூஸ். நம் வீட்டு ஃபியூஸில் கம்பி உருகிவிட்டால் வேறு கம்பி கட்ட வேண்டும். இது அப்படியன்று. ஒரு வகை பிளாஸ்டிக்கில் கரித்துகள்களைக் கலந்து இதைச் செய்கிறார்கள். சாதாரண நிலையில் கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மின்சாரத்துக்கு வழிவிடுகின்றன. மின்னோட்டம் அளவு மீறினால் சூடேறி பிளாஸ்டிக் விரிகிறது. துகள்கள் விலகுகின்றன. வழி அடைபடுகிறது. கருவியைப் பிடுங்கிவிட்டால் ஆறிச் சுருங்கி, மீண்டும் வழிவிடுகிறது. வேறு கணிப்பொறிகளில் இந்த வேலையை ஒரு சில்லு செய்கிறது. எதுவானாலும் இந்தக் காவலர் மீட்டர் வாசிப்பவர் அல்லர். கணக்குக் கேட்க மாட்டார். அடிதடி என்றால் மட்டும்தான் எழுந்து வருவார். அவர் எழுந்திருக்கும் அளவும் 500-ஐவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு காலத்தில் கையடக்க ஹார்டு டிஸ்குகள் இரண்டு தலையுள்ள கேபிளோடு விற்கப்பட்டன. தட்டு சுழலத் தொடங்கும் வேளையில் 500 மில்லி ஆம்பியர் போதாமல் போகும். ஆகவே பக்கத்துப் போர்ட்டிலும் ஒரு தலையைச் செருகி, அங்கிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். யு.எஸ்.பி. விதிகளின்படி இது கூடாது. ஆனால் வேலை நடந்தது!

கடைசிச் செடிக்குத் தண்ணீர்

ஹோஸ்ட் நேர்மையாக 5 வோல்ட் கொடுத்தாலும் கருவிக்கு 5 வோல்ட் போய்ச் சேருகிறதா? இதை அறிய மீண்டும் ரெட்டியார்சத்திரத்துக்குப் போவோம். இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் அங்கே இருக்கிறது. குழித்தட்டு நாற்று, நிழல்வலைக்குடில், சொட்டுநீர்ப் பாசனம் ஆகியவற்றை விவசாயிகள் நேரில் கண்டு கற்கும் இடம் அது. சொட்டுநீர்க் குழாயில் தொடக்கத்திலுள்ள செடிக்கு நல்ல அழுத்தத்தில் நீர் சொட்டும். குழாய் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்து, சொட்டுவாய்களும் கூடுதலாக இருந்தால், கடைசிச் செடிக்கு அழுத்தம் குறைந்துவிடும். குழாயின் உராய்வில் அழுத்தம் கரைந்து போகிறது.

கேபிளிலும் இதுவே நடக்கிறது. உராய்வுக்குப் பதிலாக இங்கே மின்தடை. மலிவான கேபிளில் 28 கேஜ் என்னும் மெல்லிய கம்பி இருக்கும். ஒரு மீட்டருக்கு அதன் மின்தடை ஏறத்தாழ 0.21 ஓம். 2 மீட்டர் கேபிள் என்றால் மின்சாரம் போக 2, வர 2, ஆக 4 மீட்டர். மொத்த மின்தடை 0.84 ஓம். இப்பொழுது ஓம் விதியைப் போடுங்கள். அரை ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.42 வோல்ட். கருவிக்குக் கிடைப்பது 4.58 வோல்ட். பரவாயில்லை. அதே கேபிளில் 2 ஆம்பியரை ஓட்டினால்? இழப்பு 1.68 வோல்ட். மிஞ்சுவது 3.32 வோல்ட்! 3.7 வோல்ட் மின்கலத்தை இதைக் கொண்டு எப்படி நிரப்புவது? எனவே நல்ல கைப்பேசி, அழுத்தம் விழுவதைக் கண்டதும் தானே இழுப்பைக் குறைத்துக்கொள்கிறது. 'சார்ஜர் சரியில்லை, மெதுவாக ஏறுகிறது' என்று நாம் குறை சொல்கிறோம். குற்றவாளி பல நேரங்களில் கேபிள்தான். தடித்த 24 கேஜ் கம்பியானால் மீட்டருக்கு 0.08 ஓம் சுமார்தான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பேசத் தெரியாத சார்ஜர்

கைப்பேசிகள் வந்தன. மின்கலத்தை நிரப்ப 500 மில்லி ஆம்பியர் போதவில்லை. சுவரில் மாட்டும் சார்ஜரால் கூடுதலாகக் கொடுக்க முடியும். ஆனால் அது கணிப்பொறி அன்று, 9 பைட் குறிப்பையெல்லாம் படிக்கத் தெரியாது. தான் சார்ஜர்தான் என்பதைக் கைப்பேசிக்கு எப்படித் தெரிவிக்கும்?

சார்ஜருக்கென்று தனி விதிகள் முதலில் 2007-இல் வந்தன. அவை கண்ட விடை மிக எளியது. சார்ஜருக்குள் இரண்டு செய்திக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். அவ்வளவுதான்! கைப்பேசி ஒரு செய்திக் கம்பியில் சுமார் 0.6 வோல்ட் கொடுத்துப் பார்க்கிறது. மறு கம்பியிலும் அதே அழுத்தம் திரும்பி வந்தால் எதிரே இருப்பது சார்ஜர். 1.5 ஆம்பியர் வரை தாராளமாக எடுக்கலாம். வரவில்லையென்றால் எதிரே இருப்பது கணிப்பொறி, கேட்டு வாங்க வேண்டும். ஓர் ஊமை எழுதிக் காட்டுவதைவிடத் தலையாட்டிக் காட்டுவது எளிதல்லவா?

இந்தச் சார்ஜர்கள் நம் மாநிலத்திலும் செய்யப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஃபின்லாந்தில் தோன்றிய சால்காம்ப் நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரில் 2014-இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையை வாங்கி அங்கே உற்பத்தி செய்கிறது.

மின்தடை சொல்லும் செய்தி

2014-இல் 'டைப்-சி' என்னும் புதிய வாய் வந்தது. இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் நீள்வட்ட வாய். இதை எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் என்பதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் புகழத்தக்கது, மின்சாரம் கேட்பதற்கென்றே இதில் ஒரு தனிக் கம்பி வைத்ததுதான். 'சி.சி.' என்று அதற்குப் பெயர்.

பழைய முறையில் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் எப்பொழுதும் காத்திருக்கும். டைப்-சி வாயில் அப்படியன்று. எதிரே கருவி இருப்பது உறுதியாகும் வரை மின்சாரம் வராது. எப்படி உறுதியாகிறது? கருவி சி.சி. கம்பியில் 5.1 கிலோ ஓம் மின்தடையை வைத்துக் காத்திருக்கிறது. கொடுப்பவர் தம் பக்கத்தில், 5 வோல்ட்டிலிருந்து வேறொரு மின்தடையை அதே கம்பியோடு இணைத்திருக்கிறார். சாதாரண போர்ட் என்றால் 56 கிலோ ஓம், 1.5 ஆம்பியர் கொடுக்க முடிந்தால் 22 கிலோ ஓம், 3 ஆம்பியர் என்றால் 10 கிலோ ஓம்.

இரண்டு மின்தடைகள் தொடரிணைப்பில் இருந்தால் அழுத்தம் அவற்றின் விகிதப்படி பங்கிடப்படும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். கணக்கிடுவோம். 56 கிலோ ஓம் எனில் கருவியின் பக்கம் 5 × 5.1 ÷ 61.1 = 0.42 வோல்ட். 22 எனில் 0.94 வோல்ட். 10 எனில் 1.69 வோல்ட். கருவி இந்த அழுத்தத்தை அளந்து பார்த்தே, எதிரே இருப்பவர் எவ்வளவு கொடுக்கவல்லவர் என்று தெரிந்துகொள்கிறது. பைட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். பத்தாம் வகுப்பு இயற்பியலே போதும்.

இதில்தான் ஒரு விபரீதமும் நேர்ந்தது. பழைய செவ்வக வாயிலிருந்து புதிய டைப்-சி வாய்க்குச் செல்லும் கேபிள்களில் அந்த மின்தடை கேபிளுக்குள்ளேயே இருக்கும். பழைய போர்ட்டால் 500-க்கு மேல் தாங்க முடியாமல் போகலாம் என்பதால், அங்கே 56 கிலோ ஓம்தான் இருக்க வேண்டும். சில மலிவான கேபிள்களில் 10 கிலோ ஓம் வைத்து விற்றார்கள். கைப்பேசி என்ன நினைக்கும்? எதிரே 3 ஆம்பியர் கொடுப்பவர் இருக்கிறார் என்று நம்பி இழுக்கத் தொடங்கும். 5 என்று எழுதிவிட்டு 10 குதிரைத்திறனை இறக்கிய கதைதான். இம்முறை பொய் சொன்னது விவசாயியும் அன்று, மோட்டாரும் அன்று. நடுவிலிருந்த கம்பி!

கூகுள் நிறுவனத்தின் பொறியாளர் பென்சன் லியுங் 2015 இறுதியிலிருந்து இத்தகைய கேபிள்களைத் தாமே விலைக்கு வாங்கிச் சோதித்து, எது விதிப்படி உள்ளது, எது இல்லை என்று மக்களுக்குத் தெரிவித்துவந்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளைச் செருகினார். அதற்குள் மின்சாரக் கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறியிருந்தன. அவருடைய மடிக்கணினியும் இரண்டு சோதனைக் கருவிகளும் அங்கேயே செயலிழந்தன.

உணவு விடுதி முறை

மடிக்கணினிக்கே யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டுமென்றால்? 60 வாட் தேவை என்று வையுங்கள். 5 வோல்ட்டில் 12 ஆம்பியர் வேண்டும். மெல்லிய கேபிள் தீய்ந்துவிடும். 20 வோல்ட்டாக உயர்த்தினால் 3 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் நான்கில் ஒரு பங்கானால் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகும். தொலைதூர மின்பாதைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மின்சாரத்தை அனுப்புவது இதே காரணத்தால்தான்.

ஆனால் 5 வோல்ட் கருவிக்குள் 20 வோல்ட் புகுந்தால் என்ன ஆகும்? ஆகவே இங்கே தலையாட்டல் போதாது, வாய்விட்டுப் பேச வேண்டும். 2012-இல் இதற்கான விதிகள் முதலில் வந்தன. டைப்-சி வாயில் சி.சி. கம்பி வழியே கொடுப்பவரும் வாங்குபவரும் எண்களால் உரையாடுகிறார்கள். உணவு விடுதியில் பரிமாறுபவர் வந்து, "இட்லி, பொங்கல், பூரி இருக்கிறது" என்று ஒப்பிப்பதைப்போல, "5 வோல்ட், 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் இருக்கிறது" என்று சார்ஜர் பட்டியலிடும். கருவி ஒன்றைத் தேர்ந்து கேட்கும். சார்ஜர் 'சரி' என்று சொல்லி, அழுத்தத்தை உயர்த்தி, 'தயார்' என்று இன்னொரு செய்தியும் அனுப்பும். கேட்காத கருவிக்கு 5 வோல்ட்டுக்கு மேல் வராது. 3 ஆம்பியருக்கு மேல் வேண்டுமென்றால் கேபிளும் வாய் திறந்து, 'என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும்' என்று சொல்ல வேண்டும். அதற்காகக் கேபிளின் தலைக்குள் ஒரு சில்லு இருக்கும்.

பேச்சு நுட்பமானால் பிழைகளும் நுட்பமாகும். 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணிப்பொறியில், இரண்டு சி.சி. முனைகளுக்கும் தனித்தனியே வைக்க வேண்டிய மின்தடையைப் பொதுவாக ஒன்றாக வைத்துவிட்டார்கள். சாதாரண கேபிளில் அது வேலை செய்தது. சில்லு உள்ள உயர்ந்த கேபிளில் செருகினால், எதிரே இருப்பது காதில் மாட்டும் ஒலிக்கருவி என்று சார்ஜர் தவறாக எண்ணி, மின்சாரமே கொடுக்கவில்லை. விலை கூடிய கேபிளில் ஓடாமல் மலிவான கேபிளில் ஓடிய விந்தை! பிற்பாடு வந்த பலகைகளில் இதைத் திருத்தினார்கள்.

2021-இல் உச்சவரம்பு 240 வாட்டாக உயர்ந்தது. அது எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தெரியுமா? 5 ஆம்பியர், 48 வோல்ட். தாத்தா வீட்டுத் தொலைபேசியின் அதே 48! கம்பியில் இழப்புக் குறையும் அளவுக்கு உயர்ந்தது, தொட்டால் உயிருக்கு ஆபத்து நேராத அளவுக்குத் தாழ்ந்தது என்று இரு காலத்துப் பொறியாளர்களும் ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கப்படும் கைப்பேசிகளுக்கு டைப்-சி வாய் கட்டாயமாகிவிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் டைப்-சி வாய்க்கு இந்தியத் தரத்தை வெளியிட்டிருக்கிறது.

செய்து பாருங்கள்

உங்கள் பென்டிரைவ் எழுதிக் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டுமா? 2011-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் தமிழ்நாடு அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸும் இருந்தது. அண்ணனோ அக்காவோ அப்படி ஒன்றை வைத்திருந்தால் கேளுங்கள். எந்த லினக்ஸ் கணிப்பொறியிலும், 'லிஸ்ட்' என்பதன் சுருக்கமான எல்.எஸ். என்ற எழுத்துகளையும் யு.எஸ்.பி. என்ற எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி, பிறகு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'வி' என்ற எழுத்தும் சேர்த்துக் கட்டளையிட்டால், செருகியுள்ள கருவிகள் எல்லாம் தங்கள் குறிப்புகளை ஒப்பிக்கும். அதில் 'மேக்ஸ்பவர்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள்.

ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். மவுஸ் பெரும்பாலும் 100 என்றிருக்கும். அது உண்மையில் எடுப்பது அதைவிடக் குறைவுதான். ஆனால் 100 வரை தனி அனுமதி தேவையில்லை என்பதால், செய்தவர் யோசிக்காமல் 100 என்றே எழுதிவிடுகிறார். கைப்பேசி 500 என்று எழுதியிருப்பதைக் காணலாம். சுவரிலிருந்து தனி மின்சாரம் பெறும் பெரிய அச்சுப்பொறியைப் பாருங்கள். அது 2 என்றோ 0 என்றோ எழுதியிருந்தால் வியப்படையாதீர்கள். எல்லோரையும்விடப் பெரிய உடம்பு, ஆனால் சோற்றைத் தன் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிட்டது.